சர்வீஸ் வருவதற்கு முன்னால்

நடுவர் விசில் ஊதிய பிறகு சர்வீஸ் போடுகிறவருக்கு 8 வினாடி அவகாசம் உண்டு. பந்தை இரண்டு தட்டுத் தட்டலாம், மூச்சை இழுத்து விடலாம், எதிர்க்களத்தில் யார் முகத்தில் கலக்கம் தெரிகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். எடுக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. பந்தில் கை பட்ட பிறகு அவருக்கு மிஞ்சுவது ஏறத்தாழ ஒரு வினாடி. எகிறி அடிக்கும் சர்வீஸ் என்றால் அதில் பாதி. அந்த வினாடி தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவருடைய உடம்பு என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

சின்னசேலம் வட்டாரத்தில் வாலிபால் தெரியாத பிள்ளைகள் குறைவு. பள்ளி விட்டதும் ஏதாவது ஒரு திடலில் வலை ஏறிவிடும். பொங்கலை ஒட்டி மின்னொளிப் போட்டி, பள்ளி திறந்து சில மாதங்களில் குறுவட்டப் போட்டி, அதைத் தாண்டினால் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன்பு இந்தப் பிள்ளைகள் பரந்து கிடந்த விழுப்புரம் மாவட்டத்தில் இடம் தேட வேண்டியிருந்தது. வலைக்கு மேலே எழும்பி அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் அடிப்பதற்குப் பந்து வலையருகே வந்து சேர வேண்டும். அதைச் சேர்க்கிற முதல் தொடுகையில்தான் பெரும்பாலான பள்ளி ஆட்டங்கள் கைநழுவுகின்றன என்பது என் எண்ணம்.

புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி பின்களத்தில் நிற்கும்போது கிட்டப் போய்ப் பாருங்கள். "குனி, நல்லா குனி!" என்று எல்லையிலிருந்து சத்தம் வந்திருக்கும். அவளும் சொன்னதைச் செய்திருப்பாள், ஆனால் இடுப்பில். முழங்கால் இரண்டும் விறைத்திருக்கும். முதுகு வளைந்து தலை தொங்குவதால், சர்வீஸ் போடுகிறவரைப் பார்க்கக் கண்ணை மட்டும் மேலே உருட்டிக்கொண்டிருப்பாள். உள்ளங்கைகள் ஏற்கெனவே ஒன்றோடொன்று கோத்திருக்கும். குதிகால் மண்ணில் அழுந்தி, அதைச் சுற்றிப் புழுதி மெல்லிய வரம்பாக ஒதுங்கியிருக்கும். இந்த நான்குமே அவளுக்கு நேரத்தைத் தின்னும். எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

களத்தின் மொத்த நீளம் 18 மீட்டர், அகலம் 9. சர்வீஸ் எடுப்பவர் வலையிலிருந்து ஆறு, ஆறரை மீட்டர் தள்ளி நிற்பார். ஆகவே பந்து கடக்கும் தூரம் சுமார் 15 மீட்டர். பள்ளி அளவில், சுழலாமல் மிதந்து வரும் சர்வீஸ் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பினால் வந்து சேர ஒரு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். உலகத் தரத்து ஆண்கள் ஓடிவந்து எகிறி அடிக்கும் சர்வீஸ் மணிக்கு 110 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். அது அரை வினாடிக்குச் சற்று கூடுதலான நேரத்தில் கைக்கு வந்துவிடும்.

இதில் மூளைக்கு ஒரு பங்கு போகிறது. விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்கிற மாதிரி ஒரே ஒரு வேலைக்கே மனிதருக்கு ஐந்தில் ஒரு பங்கு வினாடி பிடிக்கும். இடமா, வலமா, முன்னாலா, பின்னாலா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இன்னும் நீளும். தேர்வுகள் பெருகப் பெருக எதிர்வினை நேரம் எப்படி நீள்கிறது என்பதை வில்லியம் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1952இல் அளந்து காட்டினார். ஆக, எகிறி அடித்த சர்வீஸுக்கு முடிவெடுக்கவே 0.3 வினாடி போய்விட்டால், கால் அசையக் கிடைப்பது கால் வினாடிதான்.

அந்தக் கால் வினாடியில் எவ்வளவு தூரம் நகர முடியும்? நின்ற இடத்திலிருந்து, வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகம் கூடும்படி ஒருவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வேகம்தான் அது. கால் வினாடியில் அவர் நகர்வது 16 சென்டிமீட்டர். கூடவே பத்தில் ஒரு பங்கு வினாடி கிடைத்தால் 31 சென்டிமீட்டர். தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், தொடக்கத்தில் மிச்சம் பிடித்த துளி நேரம் எட்டும் தூரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. மூன்று பேர் நின்று எடுக்கும் அமைப்பில் ஆளுக்கு 3 மீட்டர் அகலம், அதாவது இருபுறமும் ஒன்றரை மீட்டர் பொறுப்பு. கை நீட்டினால் எட்டுமா எட்டாதா என்பதை இந்தப் பதினைந்து சென்டிமீட்டர்தான் பலமுறை தீர்மானிக்கிறது. எடுக்கும் நிலையில் நாம் பழகுவதெல்லாம் இந்தப் பத்தில் ஒரு பங்கு வினாடியைச் சம்பாதிக்கத்தான்.

அதைத் தசை எப்படிச் சம்பாதிக்கிறது? நரம்பின் கட்டளை தசையை எட்டிய உடனே எலும்பு அசைவதில்லை. தளர்ந்து கிடக்கும் கிணற்றுக் கயிற்றை இழுத்தால் முதல் இழுப்பு தொய்வை எடுக்கத்தான் போகும், வாளி அசையாது. தசைக்கும் தசைநாணுக்கும் அப்படி ஒரு தொய்வு உண்டு. முழங்காலை மடக்கி, எடையை முன்பாதத்துக்குக் கொண்டுவந்து, தொடையும் கெண்டைக்காலும் லேசாக வேலை செய்துகொண்டிருந்தால் அந்தத் தொய்வு முன்பே இறுகிவிடும். முழங்கால் ஓரளவு மடங்கிய கோணத்தில்தான் தொடையின் முன்தசை மூட்டைத் திருப்பும் வலுவும் உச்சத்துக்கு வருகிறது. நேராக நிற்கும் காலால் தரையை உதைக்க முடியாது. உதைக்க வேண்டுமானால் முதலில் மடக்கியாக வேண்டும், மடக்குவதற்கு நேரம் போகும். இடுப்பில் மட்டும் குனிந்த மாணவி இழப்பது இதைத்தான்.

அப்படியானால் நன்றாக உட்கார்ந்தே நின்றுவிடலாமே என்று தோன்றும். பல திடல்களில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆழமாக மடக்கிய காலை அசையாமல் வைத்திருந்தால் தொடை எரியத் தொடங்கும், இரண்டாவது செட்டுக்குள் சோர்ந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, ஆடாமல் அசையாமல் நிற்கும் நிலை நல்ல கிளம்பு நிலையாக இருப்பதில்லை.

கூடைப்பந்து ஆட்டக்காரர்களை விசையளக்கும் தட்டின் மேல் நிறுத்திப் பக்கவாட்டில் பாயச் சொல்லி ஜப்பானில் ஆய்வு செய்திருக்கிறார்கள். கேசுகே ஃபுஜீயும் அவருடைய சகாக்களும் கண்டது இது: கிளம்பும் கணத்தில் தரையின் மேல் உடலின் அழுத்தம் எடையைவிடக் குறைந்திருந்தால் ஆட்டக்காரர் விரைவாகப் பாய்கிறார். 2009இல் டென்னிஸ் அசைவைப் போலச் செய்யவைத்த இன்னொரு ஜப்பானிய ஆய்வும் அதையே வேறு வழியில் காட்டியது. எதிராளி அடிக்கும் நேரத்தை ஒட்டி ஒரு சின்னக் குதிப்புப் போட்டு இறங்கியவர்கள், நின்றபடியே காத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் பந்தை எட்டினார்கள்.

காரணம் எளிதுதான். முழங்காலைச் சட்டென்று தளர்த்தினால் உடல் ஒரு கணம் கீழே விழுகிறது. அப்போது தரை தாங்கும் எடை குறைகிறது. விழுந்த உடலைக் கால் தாங்கி நிறுத்தும்போது தரையின் எதிர்விசை எடையைத் தாண்டி ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் தசைநாண்கள் நீண்டு ஆற்றலைச் சேமிக்கின்றன. எந்தப் பக்கம் போவது என்ற முடிவு அதே நேரத்தில் வந்து சேர்ந்தால், ஏறிக்கொண்டிருக்கும் விசையைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் போதும். முடிவு வந்த பிறகு விசையைப் பூஜ்யத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஆகவே மாணவி பழக வேண்டியது எப்படி நிற்பது என்பதைக் காட்டிலும் எப்போது இறங்குவது என்பதை. எதிர்க்களத்தில் கை பந்தைத் தொடும் நேரத்தில் அவள் காலில் அந்தச் சிறு இறக்கம் நடக்க வேண்டும். முன்னதாக இறங்கினால் விசை அடங்கிவிடும். பிந்தினால் காற்றில் இருக்கும்போது பந்து திசையைச் சொல்லிவிடும், தரை கிடைக்காது. குதிப்பு என்றதும் துள்ளத் தொடங்கிவிடுவார்கள். பாதம் தரையை விட்டு எழும்புவதே தேவையில்லை, எடை குறைந்தால் போதும்.

இனி காலின் அகலம். இடதுபக்கம் நகர வலது கால்தான் தரையைத் தள்ள வேண்டும். அந்தக் கால் இடுப்புக்கு நேர் கீழே இருந்தால் தள்ளும் விசை முழுக்க மேலேதான் போகும். சற்று வெளியே இருந்தால்தான் விசைக்குப் பக்கவாட்டுப் பங்கு கிடைக்கும். அதனால்தான் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கால்களை விரிக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு விரிப்பது என்பதைத் தரை முடிவு செய்யும். உள்ளரங்கப் பலகைத் தரையில் ரப்பர் ஷூ கவ்விப் பிடிக்கும். அங்கே அகலமாக விரித்து ஓங்கித் தள்ளலாம். புழுதி படர்ந்த மண் திடலில் உராய்வு அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். அங்கே அதே அகலத்தில் தள்ளினால் கால் வழுக்கும், உடல் நகராது. சென்னையில் பதிவான பயிற்சி வீடியோவைப் பார்த்துவிட்டு அதே அகலத்தைச் சின்னசேலத்து மண்ணில் கேட்பது சரியாக வராது. ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளித்து மண்ணை அமர்த்தும் வழக்கம் புழுதிக்கு மட்டும் மருந்தல்ல, உராய்வுக்கும் மருந்துதான்.

கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கோத்த கையோடு ஓடிப் பாருங்கள், தோள் பூட்டிக்கொள்ளும், அடி குறுகும். கைகள் பிரிந்து, முழங்கை தளர்ந்து, முழங்காலுக்குச் சற்று முன்னால் தொங்க வேண்டும். இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கோத்தால் போதும். மிதந்து வரும் பந்தை விரலால் மேலே எடுக்க நேர்ந்தாலும் பிரிந்த கைதான் உதவும்.

இந்தத் தாழ்ந்த நிலை ஆட்டத்தோடு கூடப் பிறந்ததல்ல. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வில்லியம் மார்கன் இந்த விளையாட்டை உருவாக்கியபோது அது நடுவயதுக்காரர்களுக்கான மென்மையான பொழுதுபோக்கு. ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே அது இந்தியாவுக்கும் வந்தது. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி, அதைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்த ஆசிரியர்கள் பலரை உருவாக்கியது. அந்தக் காலத்தில் சர்வீஸையும் நிமிர்ந்து நின்று விரலால்தான் எடுத்தார்கள். சர்வீஸ் வலுத்து, பந்தைப் பிடித்துத் தள்ளுவதற்கு நடுவர்கள் விசில் ஊத ஊத, 1960களுக்குள் முன்கையால் எடுப்பது நிலைபெற்றது. பந்து இடுப்புக்குக் கீழே இறங்கியது, உடலும் கூடவே இறங்கியது.

தாழ்ந்து நின்று ஆடுவதற்கு உலகப் புகழ் தந்தவர்கள் ஜப்பானியப் பெண்கள். கைசுகாவில் இருந்த நிச்சிபோ நூற்பாலையில் வேலை பார்த்த பெண்களை வைத்துப் பயிற்சியாளர் ஹிரோபுமி டைமாட்சு ஒரு அணியைக் கட்டினார். பந்தை நோக்கி விழுந்து, உருண்டு, உடனே எழுந்து நிற்கும் முறையை அவர்கள் பழகினார்கள். 1962இல் உலக சாம்பியன் பட்டம். 1964இல் வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது டோக்கியோவில் தங்கம். வேலை முடிந்த பிறகு இரவு வெகுநேரம் நீண்ட அந்தப் பயிற்சியின் கடுமையை இன்று யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள், பரிந்துரைக்கவும் கூடாது. தரையை ஒட்டிய அந்த நிலை, வலையருகிலிருந்து கீழே பாயும் அடியைத் தடுப்பதற்கு ஏற்றது. சர்வீஸ் 15 மீட்டர் தாண்டி வருகிறது, கால் பெயர்த்து நகர இடம் தருகிறது. அதற்கு நடுத்தர உயரம் போதும். இன்றைய முன்னணி அணிகளில் சர்வீஸ் எடுப்பவர்கள் தடுப்பவர்களைவிட நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். நம் பயிற்சிகளில் இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன.

கால் தயாராகிவிட்டது, கண்? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், 1997இல் தேசிய அளவிலான வாலிபால் வீரர்கள் சர்வீஸ் எடுக்கும்போது கண் எங்கே போகிறது என்பதைக் கருவி பொருத்திப் பதிவு செய்தார். திறமையானவர்களின் கண் பந்தைச் சீக்கிரமே பற்றிக்கொண்டது, நீண்ட நேரம் விடாமல் தொடர்ந்தது. கைக்கு அருகில் வந்துவிட்ட பந்தின் கோண வேகத்துக்குக் கண்ணால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் பயனுள்ள தகவல் எல்லாம் பந்து தொலைவில் இருக்கும்போதே வாங்கியாக வேண்டும். தலை தொங்கியிருந்தால் அது நடக்காது.

பந்து கிளம்புவதற்கு முன்பே வாங்கக்கூடிய தகவலும் உண்டு. எல்லைக்கோட்டிலிருந்து நாலைந்து அடி பின்வாங்கி, பந்தை உயரமாகச் சுழற்றி எறிந்தால் எகிறி அடிக்கப்போகிறார். பின்னால் நகர்ந்து நில். கோட்டருகே நின்று பந்தைத் தாழ்வாக, சுழலாமல் போட்டால் மிதவை சர்வீஸ். ஓரடி முன்னால் வா. இப்படி ஒவ்வொரு குறிப்பும் தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. ஹிக் சொன்னபடி, தேர்வு குறைந்தால் முடிவு விரைகிறது.

மிதவை சர்வீஸுக்கு மட்டும் இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. வாலிபால் பந்தின் எடை 260 முதல் 280 கிராம்தான். சுழலாமல் வினாடிக்கு 16 மீட்டர் வேகத்தில் போகும் பந்தைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை, ஏறத்தாழப் பந்தின் எடைக்கே சமமாகிவிடும். அந்த வேகத்தை ஒட்டி ஒரு வாசல் இருக்கிறது. அதற்கு மேலே பந்தை ஒட்டிய காற்றுப் படலம் கலங்கி ஓடி, பந்தின் பின்பக்கம் வரை ஒட்டிக்கொள்கிறது, இழுவை குறைகிறது. வேகம் தணிந்து வாசலுக்குக் கீழே வந்ததும் படலம் சீக்கிரமே பிரிகிறது. இழுவை திடீரென்று ஏறுகிறது. வந்துகொண்டிருந்த பந்து நடுவானில் செத்து விழுவது இதனால்தான். பந்தின் தையல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்துப் பக்கவாட்டு விசையும் மாறிக்கொண்டே இருக்கும். தாகேஷி அசாய் குழுவினர் காற்றுச் சுரங்கத்தில் பந்தை வைத்து இதையெல்லாம் அளந்திருக்கிறார்கள். கல்வராயன் மலைமேல், 800 மீட்டர் உயரத்தில் ஒரு திடல் இருந்தால் அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. மலையில் பழகிய பிள்ளைகளுக்குக் கீழே இறங்கி ஆடும்போது அதே சர்வீஸ் சற்று முன்னாலேயே விழும். ஆடிக்காற்றில் இந்த வித்தியாசமெல்லாம் கரைந்துபோகும் என்பது வேறு விஷயம்.

ஆகவே மிதவை சர்வீஸுக்கு ஒரு முறை கிளம்பினால் போதாது. முதல் அடி வைத்த பிறகும் கால் இன்னொரு திருத்தத்துக்கு இடம் வைத்திருக்க வேண்டும். நீண்ட ஒற்றை அடியைவிடக் குட்டி குட்டி அடிகள் இங்கே நல்லது. வலையைத் தொட்டு விழும் சர்வீஸும் செல்லும் என்ற விதி வந்த பிறகு, எடை குதிகாலுக்குப் போகாமல் முன்பாதத்திலேயே இருப்பது இன்னும் அவசியமாகிவிட்டது.

இதையெல்லாம் ஒரு பன்னிரண்டு வயதுக்காரிக்கு எப்படிச் சொல்லித் தருவது? உறுப்பு உறுப்பாகச் சொன்னால் அவள் தன் முழங்காலையே நினைத்துக்கொண்டு நிற்பாள். கேப்ரியலே உல்ஃப் என்ற ஆய்வாளர் 2002இல் வாலிபால் சர்வீஸ் பழகுபவர்களை வைத்தே சோதித்தார். உடலின் அசைவைப் பற்றித் திருத்தம் கேட்டவர்களைவிட, பந்தும் இலக்கும் பற்றித் திருத்தம் கேட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். "முழங்காலை மடக்கு" என்பதற்குப் பதில் "அந்தக்கா கை பந்துல படுறப்ப நீ எறங்கு" என்று சொன்னால் முழங்கால் தானாக மடங்கும்.

முதல் சில நாள் பந்தைத் தொடவே வேண்டாம். எதிர்க்களத்தில் ஒருவர் சர்வீஸ் போட, இவள் இறங்கி, பந்து வலையைத் தாண்டும் முன் "இடது", "வலது", "முன்ன", "பின்ன" என்று உரக்கச் சொல்லி ஓரடி நகர்ந்தால் போதும். பந்தை வேறொருவர் பிடிக்கட்டும். குரல் வலையைத் தாண்டிய பிறகு வந்தால் கண் பிந்துகிறது என்று அர்த்தம். குரல் சரியாக வந்தும் கால் நகராவிட்டால் இறக்கம் நேரம் தவறுகிறது. எங்கே கோளாறு என்று பயிற்சியாளருக்கு இப்படித்தான் பிரிந்து தெரியும்.

அதன் பிறகு பந்தோடு பழகும்போது, ஒரே பக்கம் இருபது, மறுபக்கம் இருபது என்று போடுவது வழக்கம். பார்க்க நன்றாக இருக்கும், பிள்ளைக்கும் நம்பிக்கை வரும். ஆனால் 1986இல் குட், மகில் என்ற ஆய்வாளர்கள் பாட்மின்டன் சர்வீஸ் பழகியவர்களிடம் செய்த ஆய்வில், பயிற்சிக்குப் பிறகு வைத்த தேர்வில் முந்தியவர்கள் வகைகளைக் கலைத்து மாற்றி மாற்றிப் பழகியவர்கள்தான். ஆட்டத்தில் எந்த எதிராளியும் சொல்லிவிட்டுப் போடுவதில்லை. சர்வீஸ் போடுபவருக்குச் சுதந்திரம் கொடுங்கள்; எடுப்பவள் கொஞ்ச நாள் திணறட்டும்.

உயரம் குறைந்த பிள்ளைகளிடம் இதைக் கூடுதல் அக்கறையோடு சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பின்களத்தில் மட்டும் ஆடும் லிபரோ என்ற இடத்தை 1998இல் சர்வதேச ஆட்டத்தில் சேர்த்தார்கள். அந்த இடத்துக்கு ஆள் தேடும்போது யாரும் அளவுகோலோடு வருவதில்லை. முதல் தொடுகையைத்தான் பார்க்கிறார்கள்.

அதை மதிப்பிட ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். செட்டர் நின்ற இடத்திலிருந்தே எந்தப் பக்கமும் தூக்கிக்கொடுக்க முடிந்தால் 3. இரண்டடி நகர்ந்தால் 2. ஓடிப்போய் ஒரே பக்கம்தான் கொடுக்க முடிந்தால் 1. பந்து வீணானால் 0. கூடவே பந்து எடுப்பவளுக்கு எந்தப் பக்கம் வந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், பல பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் 0, 1 என்று குவிந்திருக்கும். இடதுபக்கம் அப்படி இருந்தால் கையைத் திருத்தப் போகாதீர்கள். அடுத்த சர்வீஸின்போது அவளுடைய வலது காலைப் பாருங்கள். பெரும்பாலும் அது இடுப்புக்கு நேர் கீழே நின்றுகொண்டிருக்கும்.